மாலை வேறு, பதிவு எண் வேறு

நேட்டோ எனப்படும் படைக் கூட்டணியின் பயிற்சிப் பள்ளியைப் பாராட்டி ஒரு நாட்டின் சட்டமன்றம் தீர்மானம் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று உச்சிப்புளி வாசகர் ஒருவர் அனுப்பியிருந்த கேள்வியைச் சென்ற இதழில் வெளியிட்டு, இடமின்மையால் விடையை இந்த இதழுக்குத் தள்ளிவைத்திருந்தோம். அதைப் படித்துவிட்டு நம் கடற்கரையிலிருந்தே மேலும் சிலர் எழுதியிருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மியூனிக் நகரில் வேலை பார்க்கும் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தபோது ஓபராம்மர்காவ் என்ற மலையடி ஊரில் ‘நேட்டோ பள்ளி’ என்று பலகை வைத்த ஒரு படை வளாகத்தைப் பார்த்தேன். இத்தகைய பள்ளியின் சேவையை ஏற்றுப் பாராட்டி அமெரிக்க நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவது உண்டு என்று மகனின் நண்பர் சொன்னார். ஜெர்மனியில் இருக்கும் பள்ளிக்கு அமெரிக்காவின் அங்கீகாரம் எதற்கு? அந்தத் தீர்மானம் சட்டமாகிவிடுமா?
— முன்னாள் படைவீரர், உச்சிப்புளி

பதில்: தங்களுடைய இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம்: ஆகாது. ஏன் ஆகாது என்பதை விளக்கத்தான் சற்றுச் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

நேட்டோ, அதாவது வட அட்லாண்டிக் ஒப்பந்த அமைப்பு, 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டதால் பிறந்தது. 2024-இல் சுவீடன் சேர்ந்த பிறகு அதன் உறுப்பு நாடுகள் 32. தாங்கள் பார்த்த பள்ளியின் தொடக்கம் 1953. ஜெர்மனியின் தென்பகுதி அப்போது அமெரிக்கப் படைகளின் பொறுப்பில் இருந்ததால், பள்ளியும் அமெரிக்கர்களின் கையில்தான் முளைத்தது. இன்றும் அமெரிக்காவும் ஜெர்மனியுமே அதை முதன்மையாகத் தாங்கி நிற்கின்றன. ஆகவே அமெரிக்க நாடாளுமன்றம் அதைப் பற்றிப் பேசுவது அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பாராட்டுவது போன்றதன்று. தன் வரிப்பணத்தில் பாதி வளர்ந்த பிள்ளையைத் தானே தட்டிக்கொடுப்பது. அங்கே நடப்பவை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் முடியும் பாடநெறிகள். உறுப்பு நாடுகளின் அதிகாரிகளோடு, 1994-இல் தொடங்கிய கூட்டாண்மைத் திட்டத்தில் சேர்ந்த பிற நாட்டு அதிகாரிகளும் வந்து படிக்கிறார்கள். (அந்த ஊருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது பள்ளி அல்ல. கொள்ளைநோய்க்கு அஞ்சி 1633-இல் ஊரார் நேர்ந்துகொண்டபடி, பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அவர்களே நடிக்கும் ஏசுவின் பாடுகள் நாடகம்தான். கொரோனாவால் தள்ளிப்போய், கடைசியாக 2022-இல் நடந்தது. நம் ஊர்த் திருவிழாக் கூத்துகளை நினைத்தால் தங்களுக்கு இது வியப்பாக இராது.)

இனித் தீர்மானத்திற்கு வருவோம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் தீர்மானம் என்ற பெயரில் மூன்று வகைகள் இருக்கின்றன. ஓர் அவை மட்டும் தன் கருத்தைப் பதிவு செய்வது ஒன்று. இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தை ஏற்பது இன்னொன்று. இவ்விரண்டும் குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்குப் போவதே இல்லை. மூன்றாவதான கூட்டுத் தீர்மானம் பெயரில்தான் தீர்மானம். அது மசோதாவைப் போலவே குடியரசுத் தலைவரிடம் சென்று, அவர் ஒப்பமிட்டால் சட்டமாகிறது. ஒரு பள்ளியையோ, படைப்பிரிவையோ, ஆண்டு விழாவையோ போற்றும் தீர்மானங்கள் பொதுவாக முதல் இரண்டு வகைகளில்தான் வரும். குடியரசுத் தலைவரிடம் அனுப்பாமல் அவைகள் தாமாகவே சட்ட விளைவை உண்டாக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1983-இல், சாதா என்ற இந்திய வம்சாவளியினரின் குடியேற்ற வழக்கில், ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. கென்யாவில் பிறந்த அவரை நாடு கடத்துவதா வேண்டாவா என்பதில் தொடங்கிய வழக்கு, அமெரிக்கச் சட்டங்கள் பலவற்றில் இருந்த, அரசின் முடிவை ஓர் அவை தனியாகவே தள்ளுபடி செய்யும் ஒற்றை அவை மறுப்புரிமை ஏற்பாட்டையே செல்லாததாக்கிவிட்டது.

பாராட்டுத் தீர்மானங்கள் நிறைவேறும் முறையையும் தாங்கள் அறிந்துகொள்வது நல்லது. பிரதிநிதிகள் சபையில் இத்தகையவற்றை வழக்கமான விதிகளை ஒதுக்கிவைத்து எடுத்துக்கொள்வார்கள். விவாதத்துக்கு 40 நிமிடம், நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பு. ஒரு காலத்தில் இன்ன நாள், இன்ன வாரம் என்று கொண்டாட்டங்களை அறிவிக்கும் தீர்மானங்களே சபையின் நேரத்தைத் தின்றதால், 1995-இல் அவ்வகையை அறிமுகப்படுத்தவே கூடாது என்று பிரதிநிதிகள் சபை தன் விதியில் எழுதிக்கொண்டது. அதன்பின் உறுப்பினர்கள் நாளைக் குறிப்பிடாமல் சேவையை மட்டும் போற்றும் வாசகங்களுக்கு மாறினார்கள். உறுப்பினர் என்றால் எங்கும் உறுப்பினர்தான்.

படகுக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், புதுப் படகைக் கடலில் இறக்கும் நாளில் ஊரே கூடி மாலை போடும். ஆயினும் மீன்வளத் துறையின் பதிவு எண் இல்லாத படகுக்கு அனுமதிச் சீட்டு கிடைக்காது. தீர்மானம் மாலை. பதிவு எண் எங்கே இருக்கிறது என்பதைப் பாம்பன் வாசகர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

கேள்வி: அப்படியானால் தீர்மானம் என்பதே வெறும் காகிதமா? கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று நம் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தையும் அப்படித்தான் கொள்ள வேண்டுமா? போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதால் தெளிவாகச் சொல்லுங்கள்.
— மாணவி, தொண்டி

பதில்: வெறும் காகிதம் என்று நான் எழுதவில்லை, அம்மா. எந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் அரசியலமைப்பின் கட்டளை நிற்கிறது, எதற்குப் பின்னால் அவையின் விருப்பம் மட்டும் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

2025 ஏப்ரல் 2 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய கச்சத்தீவுத் தீர்மானம் ஒன்றிய அரசை வலியுறுத்துகிறது. வெளிநாட்டோடு செய்யும் உடன்படிக்கை ஒன்றியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால், 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஓர் எழுத்தைக்கூட அத்தீர்மானத்தால் மாற்ற முடியாது. ஆனால் கடலுக்குப் போன பிள்ளை கரை திரும்பும்வரை உறங்காத வீடுகளின் குரல், ஒரு மாநிலத்தின் குரலாக அவைக்குறிப்பில் ஏறியிருக்கிறது என்பதும் உண்மை. நாளை இரு அரசுகள் மேசையில் அமரும்போது அதை எடுத்துக்காட்டலாம். இதற்கு மேல் அதன்மீது ஏற்றிச் சொல்பவர் அரசியல் பேசுகிறார்; இதற்குக் கீழே இறக்கிச் சொல்பவரும் அரசியல்தான் பேசுகிறார்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் நம்மிடமே உண்டு. சட்ட மேலவையை நீக்கவோ அமைக்கவோ மாநிலச் சட்டமன்றம் சிறப்புப் பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற்றினால்தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற முடியும் என்று அரசியலமைப்பின் 169-ஆவது பிரிவு கூறுகிறது. அவ்வாறான தீர்மானத்தின் பேரில்தான் நம் மேலவை 1986 நவம்பர் 1 முதல் இல்லாமல் போனது. அங்கே தீர்மானம் சாவி; அது இல்லாமல் கதவு திறக்காது. ஆயினும் சாவி இருந்தும் உள்ளே போகாமல் விட்டதும் நடந்தது: 2010-இல் மேலவையைத் திரும்பக் கொண்டுவரத் தீர்மானமும் வந்தது, நாடாளுமன்றச் சட்டமும் வந்தது, மேலவை மட்டும் வரவில்லை. தேர்வில் கேட்டால் 169-ஐ எழுதுங்கள். நேட்டோ பள்ளியைப் பாராட்டும் தீர்மானம் கச்சத்தீவு வகையைச் சேர்ந்தது, மேலவை வகையைச் சேர்ந்ததன்று.

கேள்வி: பன்னாட்டுப் படைகள் சேர்ந்து நடத்தும் பள்ளி என்கிறீர்கள். அது யாருக்குச் சொந்தம்? அதன் பெயரில் கட்டடம் வாங்கலாமா, வழக்குப் போடலாமா? ஏதாவது ஓர் ஆவணம் இருக்க வேண்டுமே!
— விசைப்படகு உரிமையாளர், பாம்பன்

பதில்: சொத்தும் வழக்கும் பார்த்தவர் கேட்கும் கேள்வி இது. இராமேசுவரத்தில் கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் சாமியின் பெயரில் என்போம். நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொள்ளும். தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்; தர்மகர்த்தாவோ செயல் அலுவலரோ அந்த ஆளுக்காகக் கையெழுத்துப் போடுகிறவர். ஒரு நிறுவனத்துக்கும் இப்படி ஓர் ‘ஆள்’ தன்மை வேண்டும். அது பாராட்டினால் வருவதில்லை. ஒப்பந்தமோ சட்டமோ கொடுத்தால்தான் வரும்.

நேட்டோவைப் பொறுத்தவரை அதைக் கொடுப்பது 1952 ஆகஸ்ட் 28 அன்று பாரிசில் கையெழுத்தான நெறிமுறை ஆவணம். தலைமைத் தளபதியகங்களுக்கு ஒப்பந்தம் செய்யவும், சொத்து வாங்கவும் விற்கவும் உரிய சட்ட ஆளுமையை அது வழங்குகிறது. அவற்றோடு நில்லாமல், வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தின்படி ஏற்படுத்தப்படும் மற்றப் பன்னாட்டுப் படை அமைப்புகளுக்கும் அந்த ஆவணத்தை முழுமையாகவோ பகுதியாகவோ விரித்துத் தரும் அதிகாரத்தை, 14-ஆவது பிரிவில், நேட்டோவின் உயர் முடிவெடுக்கும் அவையான வட அட்லாண்டிக் மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். எஸ்தோனியாவின் தாலின் நகரில் உள்ள இணையப் பாதுகாப்பு மையம் 2008 அக்டோபர் 28 அன்று பன்னாட்டுப் படை அமைப்பு என்ற தகுதியைப் பெற்றது மன்றத்தின் முடிவால்தான்.

ஆகவே தாங்கள் கேட்கும் ஆவணம் சட்டமன்றங்களில் இல்லாமலில்லை. ஆனால் பாராட்டுத் தீர்மானங்களின் கட்டுக்குள் தேடினால் கிடைக்காது. ஒப்பந்தங்களுக்கு அமெரிக்கச் செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் ஒப்புதல் தர வேண்டும். நேட்டோவின் தாய் ஒப்பந்தத்தை அது 1949 ஜூலை 21 அன்று 82-க்கு 13 என்ற வாக்கில் ஏற்றது. அந்த நாள்தான் சட்டமன்ற அங்கீகாரம். பிறகு ஆண்டுதோறும் பாதுகாப்புச் செலவு மசோதாவில் இத்தகைய பள்ளிகளுக்குச் செல்லும் பணமும் அங்கீகாரம்தான். யாரும் அதைப் பற்றி மேடையில் பேசுவதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை.

இந்த ‘ஆள்’ தன்மை எவ்வளவு தேவை என்பதை நேட்டோவின் இன்னொரு கல்விக்கூடம் உணர்ந்தது. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசனோவர் நேட்டோ படைத் தளபதியாக இருந்தபோது அவருடைய முயற்சியால் நேட்டோ பாதுகாப்புக் கல்லூரி 1951-இல் பாரிசில் தொடங்கியது. 1966-இல் பிரான்சு கூட்டுப்படைத் தலைமையிலிருந்து விலகிக்கொண்டபோது கல்லூரி மூட்டை கட்டிக்கொண்டு ரோமுக்குப் போக வேண்டியதாயிற்று. கட்டடம் போனது, கல்லூரி போகவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னாலும் குடும்ப அட்டை குடித்தனக்காரர் பெயரிலேயே இருப்பதைப் போல!

கேள்வி: இராணுவக் கூட்டணி நடத்திய பள்ளியை ஒரு நாட்டின் சட்டமன்றம் முறையாகச் சட்டம் இயற்றியே ஏற்றுக்கொண்ட எடுத்துக்காட்டு ஆசியாவில் உண்டா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கீழக்கரை

பதில்: உண்டு. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த கதையே அதுதான், கேட்டதற்கு நன்றி.

1954-இல் மணிலாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் சீட்டோ எனப்படும் தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பு உருவானது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என எட்டு நாடுகள். தலைமையகம் பாங்காக். இந்தியா அதில் சேரவில்லை. நேரு அதைக் கடுமையாகவே குறைகூறினார். அந்தக் கூட்டணி 1959-இல் பாங்காக்கில் பொறியியல் பட்டமேற்படிப்புப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தந்த பள்ளி அல்ல அது. சாலை, பாலம், அணை, நீர்ப்பாசனம் முதலியவற்றுக்குப் பொறியாளர்களை உருவாக்குவதற்காக, சுலாலங்கான் பல்கலைக்கழக வளாகத்தில் இடம் வாங்கி நடந்தது. பெயர்ப்பலகையில் மட்டும் கூட்டணியின் பெயர்.

அந்தப் பலகையே அதற்குத் தடையும் ஆயிற்று. கூட்டணியில் இல்லாத நாட்டுப் பிள்ளைகள் தயங்காமல் வர வேண்டுமானால் பள்ளி படைக் கூட்டணியின் உடைமையாக இருக்கக் கூடாது. 1967-இல் அன்றைய தாய்லாந்தின் அரசியல் நிர்ணய சபை இதற்கென ஒரு சட்டத்தை நிறைவேற்ற, சீட்டோ தன் பிடியை விட, பள்ளி ஆசியத் தொழில்நுட்பக் கழகம் என்ற தனி நிறுவனமாக, பன்னாட்டு அறங்காவலர் குழுவின் கீழ் வந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1977 ஜூன் 30 அன்று, சீட்டோவே கலைக்கப்பட்டது. எட்டு நாட்டு வல்லரசுக் கூட்டணி போய்விட்டது. அது பெற்ற பள்ளி இன்றும் பாங்காக்குக்கு வடக்கே பதும்தானியில் நடக்கிறது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எத்தனையோ பேர் அங்கே படித்துத் திரும்பியிருக்கிறார்கள். அதற்கு 1967-இல் பாராட்டுத் தீர்மானம் மட்டும் கிடைத்திருந்தால், 1977-இல் தாயோடு பிள்ளையும் போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

இதே கூட்டணிக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. 1960-இல் டாக்காவில் பாகிஸ்தான்–சீட்டோ காலரா ஆய்வகம் தொடங்கப்பட்டது. வாந்திபேதியில் சாகக்கிடப்பவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காப்பாற்றலாம் என்று 1968-இல் நோயாளிகளிடம் நிறுவிக்காட்டியவர்கள் அந்த ஆய்வகத்தார். மூன்றாண்டில் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமானது. ஆய்வகம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. 1978-இல் வங்கதேச அரசு அவசரச் சட்டத்தின் வழியாக அதைப் பன்னாட்டு ஆய்வு மையமாக நிலைநிறுத்தியது. இன்று கீழக்கரை அங்கன்வாடியில் வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தின் வரலாற்றில் ஒரு படைக் கூட்டணியின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

கேள்வி: நம் நாட்டில் இப்படிப் பல நாடுகள் சேர்ந்த கல்விக்கூடத்தை நாடாளுமன்றம் அங்கீகரித்ததுண்டா? நீலகிரி வெலிங்டனில் உள்ள படைக் கல்லூரியில் வெளிநாட்டு அதிகாரிகள் படிக்கிறார்களே, அது எந்தச் சட்டப்படி?
— வாசகர், மண்டபம்

பதில்: இந்தியா எந்தப் படைக் கூட்டணியிலும் உறுப்பினர் இல்லை என்பதால் கூட்டணிப் பள்ளி என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. பல அரசுகள் சேர்ந்த பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக்காட்டு, சார்க் என்ற தெற்காசிய ஒத்துழைப்பு அமைப்பின் நாடுகளுக்காக டெல்லியில் இருக்கும் தெற்காசியப் பல்கலைக்கழகம். 2007-இல் எட்டு நாடுகளும் உடன்பாடு செய்துகொண்டன; அதற்கு உயிர் கொடுக்க நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2009-இல் நடைமுறைக்கு வந்தது; 2010-இல் வகுப்புகள் தொடங்கின. சார்க் உச்சி மாநாடு 2014-க்குப் பிறகு கூடவே இல்லை. பல்கலைக்கழகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பாங்காக் கதையின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெலிங்டன் வேறு வகை. பிரிவினைக்கு முன் குவெட்டாவில் இருந்த படைப்பணியாளர் கல்லூரி பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால், நமக்கென நீலகிரியில் அமைக்கப்பட்டது அது. நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியக் கல்லூரிதான்; நட்பு நாட்டு அதிகாரிகள் விருந்தினர்களாக வந்து படிக்கிறார்கள். அங்கே கிடைக்கும் முதுநிலைப் பட்டத்தை வழங்குவது சென்னைப் பல்கலைக்கழகம். பட்டம் வழங்கும் உரிமை, ஒன்றியச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைத் தகுதி பெற்றது, நாடாளுமன்றச் சட்டத்தால் சிறப்பாக அதிகாரம் பெற்றது ஆகியவற்றுக்கு மட்டுமே உண்டு என்று 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22-ஆவது பிரிவில் கூறுகிறது. எவ்வளவு பெயர்பெற்ற கல்லூரியாக இருந்தாலும் அந்தக் கோட்டுக்குள் நின்றுதான் பட்டம் தர முடியும்.

கேள்வி: எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. ஓபராம்மர்காவ் பள்ளியில் நான் சேர முடியுமா?
— மாணவி, தேவிபட்டினம்

பதில்: முடியாது, மகளே. அங்கே தனியாள் விண்ணப்பம் போட்டுச் சேர இயலாது. உறுப்பு நாட்டு அரசோ கூட்டாண்மை நாட்டு அரசோ தன் படையினரையும் அலுவலர்களையும் அனுப்பிவைக்க வேண்டும். அங்கே தருவதும் பட்டம் அன்று, பாடநெறிச் சான்றிதழ்தான்.

உனக்குத் திறந்திருக்கும் வாசல் புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகம். ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. உச்ச நீதிமன்றம் 2021-இல் தலையிட்ட பிறகு பெண்களையும் சேர்க்கிறார்கள். முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். மூன்றாண்டு முடிவில் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கும். அந்தப் பல்கலைக்கழகம் 1966-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது என்பதால் பட்டத்தின் செல்லுபடி பற்றி உன் வீட்டில் யாரும் கவலைப்பட வேண்டாம். விமானப்படைக்கோ கடற்படைக்கோ விரும்பினால் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். நீ எந்தப் பிரிவில் படிக்கிறாய் என்று எழுதவில்லையே?